பைய வாரேன்

அந்த ஒலிக்கோப்பு 41 விநாடி. நடமாடும் மருத்துவ வண்டிக்காக ஒரு உதவி மையத்துக்கு யாரோ ஒரு பெண் போன் போட்டிருக்கிறார். குரலை வைத்துப் பார்த்தால் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பின்னணியில் ஆட்டுக்குட்டி ஒன்று கத்திக்கொண்டே இருக்கிறது.

“மேலுக்கு முடியலய்யா. நேத்தே அவுககிட்ட தாக்கல் சொல்லி விட்டேன். நான் பைய வாரேன், வண்டியக் கொஞ்சம் நிப்பாட்டி வையிங்க.”

இயந்திரம் இதைக் கேட்டு முதலில் ஒரு வடிவம் எழுதித் தரும். அதைத் திருத்துவதுதான் என் வேலை. இயந்திரம் எழுதியிருந்தது இப்படி: “மேலும் முடியவில்லை ஐயா. நேற்றே அவர்களிடம் தாக்குதல் சொல்லிவிட்டேன். நான் பையன் வாரேன்.”

இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சிரித்தேன். பிறகு விதிமுறையைப் பார்த்தேன். சொற்பட்டியலில் இல்லாத சொல் வந்தால் இரண்டு வழி உண்டு. ஒன்று, அச்சில் வந்த ஆதாரத்தோடு புதுச் சொல்லாகச் சேர்க்கலாம். அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும், மேற்பார்வையாளர் பார்க்க வேண்டும், அதற்குள் அன்றைய கணக்கு குறைந்துவிடும். இன்னொன்று, ‘புரியவில்லை’ என்று ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடலாம்.

மூன்று இடத்தில் ‘புரியவில்லை’ போட்டேன். மேலுக்கு, தாக்கல், பைய.

மேலுக்கு முடியவில்லை என்றால் உடம்புக்கு முடியவில்லை. எங்கள் பக்கம் மேல் என்றால் உடம்பு. தாக்கல் என்றால் சேதி. பைய என்றால் மெதுவாக. எனக்கு ஒரு சொல்கூடப் புரியாமல் இல்லை. அந்த அறையில் இருந்த பதினான்கு பேரில் அந்தப் பெண் பேசியது முழுசாகப் புரிந்த ஒரே ஆள் அநேகமாக நான்தான். நான்தான் குறியும் போட்டேன்.

*

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். பஸ் ரோட்டிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். சுற்றிலும் கரிசல் காடு. காடு என்றால் மரங்கள் அடர்ந்த காடு இல்லை, நாங்கள் விவசாய நிலத்தைத்தான் காடு என்போம். கம்பு, சோளம், உளுந்து, பாசி, பருத்தி, மல்லி, மிளகாய். எல்லாம் மானாவாரி. புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியது. ஐப்பசி, கார்த்திகை கைகொடுத்தால் உண்டு. கோடையில் அந்த மண் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் அதே மண் பசையாகி, நாலு எட்டு வைப்பதற்குள் காலில் ஒரு கிலோ ஒட்டிக்கொள்ளும்.

பள்ளிக்கூடம் முடித்துச் சென்னைக்குப் படிக்க வந்தபோது முதல் மூன்று மாதத்தில் என் வாயிலிருந்து பல சொற்களைக் கழற்றி வைத்தேன். ‘வாரேன்’ ‘வரேன்’ ஆனது. ‘அவுக’ ‘அவங்க’ ஆனது. ‘வெள்ளன’ போய் ‘சீக்கிரம்’ வந்தது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். அதைவிட இன்னொன்று உண்டு. ராத்திரி ஹாஸ்டலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, “மச்சி, உங்க ஊரு பாஷைல எதாச்சும் பேசிக் காட்டேன்” என்பார்கள். நானும் பேசிக் காட்டுவேன். சினிமாவில் வருகிற மாதிரி கொஞ்சம் கூட்டியே பேசுவேன். ஏலே, யாத்தே எல்லாம் தாராளமாக வரும். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. நான் என் ஊர்ப் பேச்சை மிமிக்ரி செய்யக் கற்றுக்கொண்டது, அதை மறந்துகொண்டிருந்த அதே மாதங்களில்தான்.

கி. ராஜநாராயணனை அப்போது நான் படித்திருக்கவில்லை. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில் இருக்கிற இடைசெவல் அவர் ஊர். அந்தப் பக்கமாக நூறு தடவையாவது பஸ்ஸில் போயிருப்பேன். கோவில்பட்டி என்றால் எனக்குக் கடலைமிட்டாயும் தீப்பெட்டி ஆபீசும்தான். 2021 மே 17 அன்று ராத்திரி புதுச்சேரியில் கி.ரா. இறந்தார். இரண்டாம் அலை நேரம். அறையை விட்டு வெளியே போக முடியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்தாளருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்றார்கள். உடலை இடைசெவலுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார்கள். செய்தியில் காட்டிய ரோடு எனக்குத் தெரிந்த ரோடு. அந்த வாரம்தான் ‘கதவு’ படித்தேன்.

தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிற கதை. அந்தக் கதவில் ஏறிப் பிள்ளைகள் பஸ் விளையாட்டு விளையாடியிருப்பார்கள். கதையைவிட என்னைத் தடுத்து நிறுத்தியது அது சொல்லப்பட்ட விதம். பாத்திரங்கள் மட்டும் ஊர்ப் பேச்சு பேசவில்லை. கதை சொல்கிறவரும் எங்கள் தெருவில் உட்கார்ந்துதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

கி.ரா.வின் வாழ்க்கையை ஒரு பயோடேட்டா மாதிரி எழுதிப் பார்த்தால் எந்த வேலைக்கும் தேறாது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். இளமையில் காசநோய். சம்சாரி. கம்யூனிஸ்ட் கட்சியோடு சேர்ந்து விவசாயிகள் போராட்டத்தில் நின்று சிறை போனவர். எழுத்தாளர் ஆவதற்கு முன் இசையில் பித்து. விளாத்திகுளம் சுவாமிகளைக் கேட்டு வளர்ந்தவர். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினேன், அப்போதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிற பொருளில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவர்.

அதே இடைசெவலில் அவர் வயதொத்த நண்பர் கு. அழகிரிசாமி. ஒரே சின்ன ஊர், இரண்டு எழுத்தாளர்கள். அழகிரிசாமி சீக்கிரமே எழுதத் தொடங்கி, சென்னைக்குப் போய், மலாயாவுக்கும் போய் வந்தார். 1970இல், ஐம்பது வயதைத் தொடும் முன்பே இறந்துபோனார். கி.ரா. ஊரிலேயே கிடந்தார். முப்பது வயதுக்கு மேல், 1950களின் இறுதியில்தான், ‘மாயமான்’ கதை ‘சரஸ்வதி’யில் வந்தது. 1976இல் ‘கோபல்ல கிராமம்’. அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது. இடையில், 1982இல், ஒரு அகராதி. 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர்.

நாவலாசிரியர், அகராதிக்காரர், பேராசிரியர். மூன்று வேலையாகத் தெரிகிறது. மூன்றும் ஒரே வேலைதான் என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கி.ரா. வீட்டுப் பேச்சு தெலுங்கு. அழகிரிசாமிக்கும் அப்படித்தான். ஆந்திரத்திலிருந்து குடிபெயர்ந்து வந்து, காட்டைத் திருத்தி, கரிசலில் ஊர் கட்டிய தெலுங்குக் குடிகளின் கதைதான் கோபல்ல கிராமம். வீட்டுக்குள் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, ஏட்டில் இன்னொரு மொழி என்று வளர்ந்த ஒருவர்தான் தெருவின் மொழிக்கு அகராதி போட்டார். ஒருவேளை அதனால்தானோ என்னவோ. ஒரு மொழியில் மட்டும் வளர்ந்தவனுக்கு அது காற்று மாதிரி, இருப்பது தெரியாது. வாசற்படியைத் தாண்டும்போதெல்லாம் மொழி மாறுகிறவனுக்கு ஒவ்வொரு சொல்லும் கையில் தட்டுப்படும்.

*

1959இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். மொழியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிற கட்டுரை. ஒரே சமூகத்துக்குள் ஒரே மொழியின் இரண்டு வடிவங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டு வாழ்வதை அது விளக்குகிறது. மேடை, புத்தகம், வழிபாடு எல்லாம் உயர்ந்த வடிவத்துக்கு. வீடு, சந்தை, சண்டை எல்லாம் தாழ்ந்த வடிவத்துக்கு. இரட்டை வழக்கு என்று தமிழில் சொல்கிறார்கள். அவர் எடுத்துக்கொண்ட நான்கு முக்கிய உதாரணங்கள் அரபி, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹெய்தியின் கிரியோல். அரபியைப் பற்றிப் படிக்கும்போது எனக்குத் தமிழைப் பற்றிப் படிப்பதுபோலவே இருந்தது.

1988இல் நோபல் பரிசு வாங்கிய நகீப் மஹ்ஃபூஸ் கெய்ரோவின் சந்துகளையும் காபிக் கடைகளையும் எழுதினவர். அந்தச் சந்துகளில் யாரும் பேசாத இலக்கிய அரபியில்தான் அவருடைய பாத்திரங்கள் பேசின. அதைக் குறையாகச் சொல்லிவிட முடியாது. மொராக்கோவிலிருந்து ஈராக் வரை அத்தனை பேரும் படிக்கக் கூடிய ஒரே வடிவம் அதுதான். ஊர்ப் பேச்சில் எழுதினால் வாசகர் சுருங்குவார்கள். பொது மொழியில் எழுதினால் சந்து சுருங்கும். எதையாவது கொடுத்துத்தான் எதையாவது வாங்க வேண்டும்.

தமிழில் இந்தக் கதவு கொஞ்சம் முன்னாலேயே திறந்துவிட்டது. புதுமைப்பித்தன் கதைகளில் நெல்லைப் பேச்சு இருக்கிறது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் கொங்குப் பேச்சோடு வந்தது. ஆனால் பெரும்பாலும் மேற்கோள் குறிக்குள்தான் ஊர்ப் பேச்சுக்கு இடம். குறியை மூடியதும் ஆசிரியர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நல்ல தமிழுக்கு வந்துவிடுவார். கி.ரா. அந்தக் குறியை எடுத்தார். விவரணையும் பேச்சாயிற்று. யோசனையும் பேச்சாயிற்று. கரிசல்காட்டுச் சம்சாரி சிந்திக்கவும் செய்வான், அவன் மொழியிலேயே செய்வான் என்று அதற்கு அர்த்தம்.

எழுதத் தொடங்கும் முன்பே கி.ரா. கடிதம் எழுதுவதில் பெயர் வாங்கியவர். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பல விஷயம் தெளிந்தது. கடிதத்தில் வாசகன் ஒரே ஒரு ஆள். அவன் முகம் தெரியும். முகம் தெரிகிற ஆளிடம் யாரும் மேடைத் தமிழ் பேச மாட்டார்கள்.

*

அகராதிக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பண்டிதர்களின் குழு, அரசுப் பணம், பல்லாண்டு உழைப்பு. எந்தத் தமிழ் ஆராய்ச்சிக்கும் அது அடித்தளம். ஆனால் எந்தப் பேரகராதிக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஏட்டில் இருக்கிற சொல்லை அது நம்பும். வாயில் மட்டும் இருக்கிற சொல்லிடம் அடையாள அட்டை கேட்கும்.

கி.ரா.விடம் குழுவும் இல்லை, பணமும் இல்லை. நண்பர்களின் உதவியோடு சொல் சேர்த்தார். அதுதான் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. தமிழின் வட்டார அகராதிகளுக்கு முன்னோடி. அதற்குப் பிறகு பெருமாள்முருகன் 2000இல் கொங்குவட்டாரச் சொல்லகராதி கொண்டுவந்தார். கண்மணி குணசேகரன் 2007இல் நடுநாட்டுச் சொல்லகராதி கொண்டுவந்தார். மூன்று பேரும் நாவலாசிரியர்கள். தங்கள் நாவலின் மண்ணுக்குத் தாங்களே அகராதி போட வேண்டியிருந்தது.

இப்படி உலகத்தில் வேறு யாரும் செய்திருக்கிறார்களா என்று யோசித்தபோது கிரிம் சகோதரர்கள் நினைவுக்கு வந்தார்கள். சிண்ட்ரெல்லா, ஸ்நோ ஒயிட் கதைகளை 1812இல் தொகுத்து வெளியிட்ட அதே யாக்கோபும் வில்ஹெல்மும்தான் ஜெர்மன் மொழிக்குப் பேரகராதி போட உட்கார்ந்தார்கள். முதல் தொகுதி 1854இல் வந்தது. வில்ஹெல்ம் ‘டி’ எழுத்தை முடித்துவிட்டு இறந்தார். யாக்கோபு 1863இல் இறந்தபோது ‘எஃப்’ எழுத்தில், பழம் என்ற சொல்லில் நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் தொடர்ந்து, 1961இல்தான் அகராதி முடிந்தது. கதை சேர்க்கிறவர்கள் ஏன் சொல் சேர்க்கப் போகிறார்கள்? பாட்டியிடம் கதை கேட்கப் போனால் நடுவில் ஒரு சொல் இடறும். அது என்ன என்று கேட்டால் அந்தச் சொல்லுக்கு விளக்கமாகப் பாட்டி இன்னொரு கதை சொல்லுவாள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாயிற்று.

கி.ரா.வும் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க நாட்டார் கதைகளைச் சேர்த்தார். சபையில் சொல்லக் கூச்சப்படுகிற பாலியல் கதைகளையும் விடாமல் சேர்த்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் வேங்கடசுப்பிரமணியன் துணைவேந்தராக இருந்த காலத்தில் அவரை அழைத்தார்கள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கையில் பட்டம் எதுவும் இல்லை. பேராசிரியர் நாற்காலி கிடைத்ததும் அவர் செய்தது ஊரில் செய்ததைத்தான். மாணவர்களோடு சேர்ந்து புதுவைப் பக்கத்துக் கதைகளைத் திரட்டினார். கரிசலை விட்டு வந்தவர் கடற்கரைக்காரர்களின் வாயையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கிராமத்துப் பாட்டி ஒருத்தி பல்கலைக்கழகத்தின் பாடப் புத்தகம் ஆனாள்.

இதை நான் கொண்டாட்டமாக மட்டும் எழுத விரும்பவில்லை. கரிசல் வட்டாரம் என்று சொன்னாலும் கரிசலுக்கு ஒரு வாய் இல்லை. நிலம் உள்ள சம்சாரியின் திண்ணையிலிருந்து கேட்கிற சொற்கள் வேறு. அந்தத் திண்ணையில் ஏற முடியாமல் நின்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட சொற்கள் வேறு. கோவில்பட்டிப் பக்கத்துப் பூமணியின் ‘பிறகு’ 1979இல் வந்தபோது, அதே மண்ணில் செருப்புத் தைக்கிறவரின் வீட்டுக்குள்ளிருந்து கரிசல் பேசியது. உருளைகுடியின் சோ. தர்மன் ‘கூகை’யிலும், 2019இல் சாகித்திய அகாதெமி வாங்கிய ‘சூல்’ நாவலிலும் இன்னொரு கரிசலைக் காட்டினார். கம்மாயை யார் பராமரித்தார்கள், மடையை யார் திறந்தார்கள் என்பதற்கெல்லாம் அங்கே சொல் இருக்கிறது. கி.ரா. வேலியில் முதல் கடவைத் திறந்தார். அவர் திண்ணைக்கு எட்டாத சொற்களோடு மற்றவர்கள் அதன் வழியாக வந்தார்கள். ஒருத்தர் அகராதி ஒருத்தர் காதின் அளவுதான் இருக்கும்.

*

போன வருஷம் ஆச்சியைச் சென்னைக்குக் கூட்டி வந்திருந்தேன். அம்மாவின் அம்மா. காலில் ரொம்ப நாளாகத் தொந்தரவு. ஒரு ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரிடம் காட்டினோம். நல்ல பெண், பொறுமையாகக் கேட்டார்.

“என்ன பாட்டி பண்ணுது?”

“காலு உளையுது தாயி. ராத்திரி படுத்தா ஒரே உளைச்சல்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “உளைச்சல்னா? மன உளைச்சலா? வீட்ல எதுவும் டென்ஷனா?”

அவர் மேல் தப்பு இல்லை. பொதுத் தமிழில் உளைச்சல் மனசுக்கு மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. எங்கள் பக்கம் அது முதலில் காலுக்கு வரும். நாள் முழுக்க நடந்து, களை வெட்டி, நின்று, ராத்திரி படுத்த பிறகு எலும்புக்குள்ளிருந்து வருகிற அந்தத் தீராத அலுப்புதான் உளைச்சல். அது வலி இல்லை.

நான் சொன்னேன்: “வலிதான் டாக்டர். கால் வலி.”

“குத்துதா பாட்டி?”

“குத்தல தாயி, கடுக்கவும் இல்ல. உளையுது.”

“வலிதான்” என்றேன் மறுபடியும்.

டாக்டர் எழுதிக்கொண்டார். மாத்திரை கொடுத்தார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் ஆச்சி சொன்னாள், “நான் சொன்னது ஒண்ணு, நீ சொன்னது ஒண்ணு.”

“ரெண்டும் ஒண்ணுதான் ஆச்சி.”

“ரெண்டும் ஒண்ணுன்னா ரெண்டு சொல்லு எதுக்குய்யா?”

நான் பேசவில்லை. ஆச்சிக்குக் குத்து வேறு, கடுப்பு வேறு, குடைச்சல் வேறு, உளைச்சல் வேறு. நான்கும் உடம்புக்குள் வேறு வேறு இடத்தில், வேறு வேறு காரணத்தால் வருகிறவை. எழுபது வருஷம் அந்த உடம்பை வைத்து வேலை செய்தவள் அதைத் துல்லியமாக அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தாள். படித்த பேரன் நடுவில் உட்கார்ந்து அந்த நான்கையும் ஒன்றாக்கிக் கொடுத்துவிட்டான்.

வட்டார வழக்கை ‘மண்வாசனை’ என்று சொல்வது எனக்கு அன்றோடு பிடிக்காமல் போனது. வாசனை என்றால் ஓர் அலங்காரம். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சாப்பாடு சாப்பாடுதான். ஆச்சியின் சொல் அலங்காரம் இல்லை. எந்த ஈரத்தில் விதை போடலாம் என்பதற்கு ஒரு சொல், எந்தக் காற்று மழை கொண்டுவரும் என்பதற்கு ஒரு சொல், கால் எப்படி நோகிறது என்பதற்கு ஒரு சொல். எல்லாம் அளந்து பார்த்து வைத்த சொற்கள். கி.ரா. அகராதி போட்டது ஊர்ப் பாசத்தால் மட்டும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். நல்ல சம்சாரி அறுத்த தானியத்தில் விதைக்கு என்று தனியாக எடுத்துக் குலுக்கையில் கொட்டி வைப்பான். வீட்டில் பசி இருந்தாலும் அதில் கை வைக்க மாட்டான்.

*

ஆச்சி ஊருக்குப் போனபின் ஒரு நாள் அந்த 41 விநாடிக் கோப்பைத் தேடினேன். பழைய கோப்புகளை ஒரு மாதத்துக்குள் திரும்பத் திறந்து திருத்த விடுவார்கள். எனக்கு அந்த ஒரு மாதம் எப்போதோ முடிந்திருந்தது. அந்தப் பெண் பேசிய மூன்று சொற்கள் ‘புரியவில்லை’ என்ற குறியோடு எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டன. அதிலிருந்து எந்த இயந்திரமோ கரிசலில் பெண்கள் புரியாமல் பேசுவார்கள் என்று கற்றுக்கொண்டிருக்கும். கற்றுக்கொடுத்தது நான்.

அதன் பிறகு வருகிற கோப்புகளில் படிவம் நிரப்ப ஆரம்பித்தேன். முதல் வாரம் என் கணக்கு பாதியாகக் குறைந்தது. மேற்பார்வையாளர் கூப்பிட்டார். அவருக்கு ஊர் வேலூர்ப் பக்கம். “என்னப்பா, புதுச் சொல்லுன்னு அனுப்பிக்கிட்டே இருக்க? ஆதாரம் வேணும்ல?”

முதலில் ‘பைய’ சொல்லுக்கு ஆதாரம் கொடுத்தேன். திருக்குறள், 1098. காமத்துப்பாலில் அந்தப் பெண் மெல்லச் சிரிக்கிற இடம். வள்ளுவர் அங்கே போட்டிருப்பது இந்தச் சொல்தான். அவர் குறளைத் திறந்து பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். “அட, ஆமா” என்றார். குறள் வருகிற அதிகாரத்தின் பெயர் குறிப்பறிதல் என்பதை நானும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

“சரி, மத்ததுக்கு?”

பையிலிருந்து கி.ரா.வின் அகராதியை எடுத்து மேசை மேல் வைத்தேன். புரட்டினார். அவர் ஊர்ப் பக்கத்துச் சொல் ஒன்று எங்கள் சொல்லோடு ஒத்துப்போவதாகச் சொல்லிச் சிரித்தார். “இது பிடிஎஃப்ல கிடைக்குமா?” என்று கேட்டார். கடையில் கிடைக்கும் என்றேன். படிவத்தில் ‘ஆதாரம்’ கட்டத்தில் கி. ராஜநாராயணன் என்று அன்றைக்கு ஐந்தாறு தடவை எழுதினேன். பேராசிரியர் என்றும் சேர்த்து எழுதினேன். அலுவலகத்தில் அதற்குத் தனி மதிப்பு இருக்கிறது. பட்டம் வாங்காமல் வாங்கிய பேராசிரியர் பதவி இங்கே ஒரு போன் காலுக்கு உதவுகிறது என்று தெரிந்தால் அவர் சிரித்திருப்பார்.

எல்லாச் சொல்லும் புத்தகத்தில் இருக்காது. போன வாரம் ஒரு கோப்பில் ஒரு கிழவர் மண்ணைப் பற்றிப் பேசும்போது ஒரு சொல் சொன்னார். எனக்கே சரியாகத் தெரியவில்லை. சின்ன வயதில் கேட்ட மாதிரி இருந்தது, பொருள் பிடிபடவில்லை. அகராதியில் பார்த்தேன், கிடைக்கவில்லை. கோவில்பட்டியில் இப்போது கி.ரா.வுக்கு அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. ஆனால் எழுந்து வந்து பதில் சொல்ல அவர் இல்லை. ஊருக்குப் போன் போட்டேன். ஆச்சிதான் எடுத்தாள்.

“ஆச்சி, ஒரு சொல்லு கேக்கணும்.”

“என்ன சொல்லு?”

“மண்ணப் பத்தி ஒரு சொல்லு. ஒருத்தரு பேசினதக் கேட்டேன்…”

“இரு இரு. மேக்க இருட்டிக்கிட்டு வருது. களத்துல வத்தல் காயுது, உங்கம்மா ஒத்தையில அள்ளுதா. பெறவு பேசுவம்.”

“ஆச்சி, காலு?”

“உளையத்தான் செய்யுது. வையி.”

போனைச் சரியாக அணைக்கத் தெரியாது ஆச்சிக்கு. எங்கேயோ வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாக்கு உதறுகிற சத்தம் கேட்டது. பிறகு காற்று. பிறகு தூரத்தில் அம்மா கத்துகிற சத்தம், “யம்மா, நீ பைய வா, ஓடியாராத!” நான் ஹெட்போனைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். மழை விழுந்துவிட்டது.